வீடியோவைத் திறந்ததும் பிளேயர் மூடிக்கொள்கிறதா? அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்

"இந்தப் படத்தைப் போட்டாலே பிளேயர் மூடிக்கொள்கிறது, வைரஸா?" என்ற கேள்வியோடு என்னிடம் வரும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் வைரஸ் இருப்பதில்லை. டவுன்லோட் பாதியில் நின்றிருக்கும், இல்லையென்றால் பிளேயர் பல வருடமாக அப்டேட் ஆகாமல் கிடக்கும். ஆனால் அந்தப் பழைய பிளேயரை லேசாக விட முடியாது. கெட்ட எண்ணத்தோடு செய்த வீடியோ கோப்பு ஒன்று கணினிக்குள் நுழைய வேண்டுமென்றால் அதற்குத் தேவையும் அதே பழைய பிளேயர்தான். அதனால் எதை முதலில் பார்ப்பது, எதை எப்போது செய்யக் கூடாது என்ற வரிசை இங்கே முக்கியம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், கோளாறு காட்டிய கோப்பை உடனே வேறொரு பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான், நான் வேண்டாம் என்று கெஞ்சுவதும் இதைத்தான். பெயரும் தோற்றமும் வேறாக இருந்தாலும் விஎல்சி, எம்பிவி, எம்பிசி போன்ற பிளேயர்கள், பல எடிட்டிங் மென்பொருள்கள், சில உலாவிகள்கூட உள்ளுக்குள் எஃப்எஃப்எம்பெக் என்ற பொதுத் திட்டத்தின் டிகோடர்களைத்தான் (சுருக்கி வைத்த வீடியோவை விரித்துப் படிக்கும் பகுதிகள்) பயன்படுத்துகின்றன. ஒன்றில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டை இன்னொன்றிலும் இருக்கலாம், அந்த இன்னொன்று இன்னும் பழைய வெர்ஷனாகவும் இருக்கலாம். "வேறு ஃபார்மட்டுக்கு கன்வர்ட் செய்து பார்க்கிறேன்" என்பதும் இதே கதைதான். கன்வர்ட் செய்யும் மென்பொருளும் அந்தக் கோப்பைத் திறந்து படித்தாக வேண்டுமே. முதலில் அப்டேட், அப்புறம்தான் திறப்பது. "உன் கணினியில் ஓடுகிறதா பார்" என்று நண்பருக்கு அனுப்புவதும் வேண்டாம்.

## ஒரே ஒரு கோப்பில் மட்டும் பிளேயர் மூடிக்கொள்கிறது, மற்றவை நன்றாக ஓடுகின்றன

அடிக்கடி வருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கோப்பு முழுதாக இருக்கிறதா? அளவைப் பாருங்கள். இரண்டு மணி நேரப் படம் என்று பெயர் சொல்லிக்கொண்டு 900 கேபி மட்டும் இருந்தால் அது படமே இல்லை. கிடைத்த இடத்தில் போட்டிருந்த அளவும் உங்களிடம் இருக்கும் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் டவுன்லோட் பாதியில் நின்றிருக்கிறது. அழித்துவிட்டு, நம்பகமான இடம் என்றால் மறுபடி இறக்குங்கள், அதோடு கதை முடிந்தது. பென் டிரைவிலிருந்து நேராக ஓடவிட்டிருந்தால் டிரைவே கோளாறாக இருக்கலாம், அதே டிரைவில் உள்ள மற்ற கோப்புகள் தடங்கலில்லாமல் காப்பி ஆகின்றனவா என்று பாருங்கள்.

அது வீடியோதானா? விண்டோஸில் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ மெனுவில் கோப்புப் பெயரின் எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி வையுங்கள். "எம்பி4" என்று முடிவது போலத் தெரிந்த பெயர், அதன் பின்னால் "இஎக்ஸ்இ" அல்லது "எஸ்சிஆர்" என்று நீளலாம். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஷார்ட்கட் கோப்புகளின் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் இந்த செட்டிங்கை மாற்றினாலும் காட்டாது. அதனால் பெயரை நம்பாமல், டீடெய்ல்ஸ் பார்வைக்குப் போய் "டைப்" என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே ஷார்ட்கட், அப்ளிகேஷன், ஸ்கிரீன் சேவர் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது வீடியோ கோப்பு இல்லை, ஓடவிட்டால் நேராக வேலையைக் காட்டும் நிரல். ஏற்கெனவே இரண்டு முறை சொடுக்கிவிட்டீர்கள் என்றால் இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, கீழே "படம் போட்ட பிறகு கணினியின் நடத்தையே மாறிவிட்டது" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

இன்னும் சந்தேகம் என்றால் சின்ன ஹெக்ஸ் வியூவர் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) ஒன்றில் முதல் சில எழுத்துகளைப் பார்க்கலாம். "எம்இசட்" என்று தொடங்கினால் அது விண்டோஸ் நிரல். ஏவிஐ என்றால் "ஆர்ஐஎஃப்எஃப்" என்று தொடங்கும். எம்பி4 என்றால் ஐந்தாவது பைட்டிலிருந்து "எஃப்டிஒய்பி" என்று இருக்கும். எம்கேவி என்றால் 1ஏ 45 டிஎஃப் ஏ3. பெரிய கோப்பை நோட்பேடில் திறக்காதீர்கள், அது திணறி உறைந்துபோகும். லினக்ஸிலும் மேக்கிலும் "ஃபைல்" என்ற கட்டளையே இந்த வேலையைச் செய்துவிடும்.

பிளேயர் எந்த வெர்ஷன்? விஎல்சியில் ஹெல்ப் மெனுவில் அபவுட் என்று இருக்கும், அங்கே பாருங்கள். செலவே இல்லாத, அதிகம் பலன் தரும் வேலை இதுதான். 2019 ஜூனில் வந்த 3.0.7 வெர்ஷனில் எம்கேவி, ஏவிஐ கோப்புகளைப் படிக்கும் பகுதிகளில் இருந்த மோசமான ஓட்டைகள் அடைக்கப்பட்டன. 2020 ஜூனில் வந்த 3.0.11-இல் எச்.264 வீடியோவைப் பிரிக்கும் பகுதியில் இருந்த ஒன்று அடைக்கப்பட்டது. நீங்கள் இன்னும் 2.2-இல் இருக்கிறீர்கள் என்றால் இப்படிப் பின்னால் அடைக்கப்பட்ட ஓட்டைகள் பல உங்களுக்குத் திறந்தே கிடக்கின்றன.

"அப்டேட் இருக்கிறதா என்று பார்" பொத்தானை அழுத்தினேன், டவுன்லோட் ஆனது, ஆனால் வெர்ஷன் மாறவே இல்லை என்கிறீர்களா? விண்டோஸில் விஎல்சி 3.0.12, 3.0.13 இரண்டிலும் தானாக அப்டேட் ஆகும் பகுதியே கோளாறு, 2021 மே மாதம் 3.0.14 வந்தபோதுதான் சரியானது. அந்த இரண்டில் மாட்டிக்கொண்டவர்கள் அப்டேட் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். விஎல்சியைத் தயாரிக்கும் வீடியோலேனின் தளத்திலிருந்து நேராக எடுத்து நீங்களே நிறுவுங்கள். தேடுபொறியில் மேலே விளம்பரமாக வரும் இணைப்பைத் தொடாதீர்கள், விஎல்சி பெயரில் போலித் தளங்கள் நிறைய உண்டு.

லினக்ஸில் வெர்ஷன் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். டெபியன், உபுண்டு போன்றவை எண்ணை மாற்றாமல் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய வெர்ஷனில் சேர்ப்பது உண்டு. சிஸ்டம் அப்டேட் முழுதாக ஆகியிருக்கிறதா, உங்கள் வெளியீட்டுக்கு ஆதரவு இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிளேயரைச் சுற்றி என்ன இருக்கிறது? பல வருடத்துக்கு முன் போட்ட கோடெக் பேக் (வெவ்வேறு வீடியோ வகைகளைப் படிக்க உதவும் மென்பொருள்களின் தொகுப்பு) ஏதாவது தங்கியிருக்கிறதா? இருந்தால் நீக்குங்கள், அல்லது புதுப்பியுங்கள். விண்டோஸுக்கான குவிக்டைம் என்ற ஆப்பிள் பிளேயர் இருந்தால் யோசிக்காமல் நீக்குங்கள், ஆப்பிள் அதற்கு ஆதரவை நிறுத்தி, அடைக்கப்படாத ஓட்டைகள் இருப்பதாகத் தெரிந்து, அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே 2016 ஏப்ரலில் அதை நீக்கச் சொன்னது. எம்பிசி-எச்சி பிளேயரை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அதன் அசல் குழு 2017-இல் 1.7.13-உடன் நிறுத்திக்கொண்டது, இப்போது அதைத் தொடர்ந்து பராமரிப்பது வேறு ஒருவர். பழையதையே வைத்திருந்தால் அதற்கு அப்டேட் என்று ஒன்று வரப்போவதே இல்லை.

கிராபிக்ஸ் டிரைவர். விஎல்சியில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று போய் ஹார்ட்வேர் டிகோடிங்கை (வீடியோவை விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) நிறுத்துங்கள். மேலே சொன்ன அப்டேட் முடிந்திருந்தால், கோப்பு வந்த இடத்தையும் நம்புகிறீர்கள் என்றால், இப்போது ஒருமுறை திறந்து பார்க்கலாம். ஓடினால் பழி டிரைவர் மேல், அதைப் புதுப்பித்துவிட்டு ஹார்ட்வேர் டிகோடிங்கை மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மூடிக்கொள்கிறதா? விண்டோஸில் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸுக்குள் அப்ளிகேஷன் பகுதியில் 1000 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். அதில் இரண்டு வரிகள் போதும்: பழுதான மாட்யூல் (நிரலின் பகுதி) எது, பிழைக் குறியீடு என்ன. மாட்யூல் பெயர் கிராபிக்ஸ் நிறுவனத்தின் டிஎல்எல் (நிரல்கள் துணைக்கு எடுத்துக்கொள்ளும் கோப்பு) என்றால் இன்னும் டிரைவர் பிரச்சினைதான். பிளேயரின் சொந்த பிளகின் பெயர் இருந்து, குறியீடு சி0000005 (தனக்கில்லாத நினைவகத்தைத் தொட்டது) அல்லது சி0000374 (நினைவகக் குவியல் சிதைந்தது) என்று இருந்தால், கோப்பு பிளேயரைத் தடுமாற வைத்திருக்கிறது என்று அர்த்தம். இதை வைத்து மட்டும் "தாக்குதல்" என்று முடிவுகட்ட முடியாது, சாதாரணமாகக் கெட்டுப்போன கோப்பும் இதே குறியீட்டைத் தரும். ஆனால் புத்தம் புது வெர்ஷன், ஒரே கோப்பு, ஒவ்வொரு முறையும் ஒரே மாட்யூல், வந்த இடமும் தெரியாத இடம் என்று நான்கும் சேர்ந்தால் அந்தக் கோப்பை விட்டுவிடுங்கள். படம் வேறு இடத்தில் கிடைக்கும்.

மூடிக்கொண்டதே நல்ல அறிகுறி என்று சிலர் நினைக்கிறார்கள், தாக்குதல் தோற்றுப்போய்விட்டதாம். பெரும்பாலும் சரிதான். ஆனால் உள்ளே நுழைந்த பிறகு பிளேயர் விழுவதும் நடக்கும், அதனால் அதை மட்டும் நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள்.

## எந்தக் கோப்பைப் போட்டாலும் மூடிக்கொள்கிறது

இது கோப்பின் வேலை இல்லை. ப்ரிஃபரன்சஸில் ரீசெட் செய்யுங்கள், பிளேயரை முழுதாக நீக்கி மறுபடி நிறுவுங்கள், டிரைவரைப் பாருங்கள், இந்த வரிசையில். மற்ற மென்பொருள்களும் அவ்வப்போது விழுகின்றன என்றால் ரேமைச் சோதியுங்கள். அது பழுது என்றால் காசு செலவாகும் இடம் அதுதான், கணினி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் பிளேயரை யாராவது ஜிப் கோப்பாகக் கொடுத்தார்களா? 2022-இல் ஒரு உளவுக் குழு, உண்மையான விஎல்சி நிரலோடு கெட்ட டிஎல்எல் ஒன்றைச் சேர்த்து வைத்து, அதன் மூலம் தன் நிரலை ஓடவிட்டது வெளியே வந்தது. விஎல்சி மேல் அங்கே தவறே இல்லை, பக்கத்தில் இருந்த கோப்புதான் போலி. நிறுவாமல் ஃபோல்டரிலிருந்தே ஓடும் பிளேயர் யாரிடமிருந்தோ வந்திருந்தால் அதை அப்படியே நீக்கிவிட்டு அசலை எடுங்கள்.

## கோப்பைத் திறக்கவே இல்லை, ஃபோல்டரைத் திறந்ததுமே எல்லாம் உறைகிறது

"நான் தொடவே இல்லையே" என்பார்கள். தொட வேண்டியதில்லை. ஃபோல்டரைத் திறந்ததும் வீடியோவின் சின்னப் படத்தை வரைவதற்காகக் கணினியே அந்தக் கோப்பைத் திறந்து ஒரு ஃபிரேமைப் படிக்கிறது.

முதலில் தம்ப்நெயிலை நிறுத்துங்கள்: ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பகுதிக்குப் போய் "எப்போதும் ஐகான் மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்னோட்டப் பலகை திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். இப்போது ஃபோல்டர் ஒழுங்காகத் திறந்தால், குற்றவாளி உள்ளே இருக்கும் ஏதோ ஒரு கோப்பு. கடைசியாக வந்தது எது என்று தேதி வாரியாக அடுக்கிப் பார்த்து அதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், திறக்காதீர்கள்.

அப்புறம் விண்டோஸ் கோடெக்குகள். விண்டோஸ் அப்டேட் முழுதாக ஆகிவிட்டது என்று காட்டினாலும் எச்இவிசி, ஏவி1 போன்ற வீடியோ வகைகளைப் படிக்கும் நீட்சிகள் அந்த வழியில் புதுப்பிக்கப்படுவதில்லை, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகத்தான் வரும். 2020 ஜூன் 30 அன்று மைக்ரோசாஃப்ட் தன் கோடெக் நூலகத்தில் இரண்டு ஓட்டைகளை அடைத்தபோதும் திருத்தம் ஸ்டோர் வழியாகவே வந்தது. ஸ்டோரை முடக்கி வைத்திருக்கும் கணினிகளில் இது மறந்தேபோகிறது. ஸ்டோரைத் திறந்து, லைப்ரரிக்குப் போய், எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள்.

லினக்ஸ் என்றால் கோப்புகளைப் பட்டியலிடும் இன்டெக்ஸர் இதே வேலையைச் செய்கிறது. 2023 அக்டோபரில் லிப்க்யூ நூலகத்தில் ஒரு ஓட்டை தெரியவந்தது, பொதுவாக ஓட்டைகளுக்குத் தரும் அடையாள எண்ணின்படி அது சிவிஇ-2023-43641. க்யூ என்பது ஆடியோ சிடியின் பாட்டு வரிசையை எழுதி வைக்கும் சின்ன உரைக் கோப்பு. க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அப்படி ஒரு கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வந்து விழுந்தாலே போதும், இன்டெக்ஸர் அதைத் தானே படித்து, உள்ளே இருப்பதை ஓடவிட்டுவிடும். பயனர் செய்த ஒரே காரியம் ஒரு இணைப்பைச் சொடுக்கியது. சிஸ்டத்தை அப்டேட் செய்யுங்கள், தேவையில்லை என்றால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை இன்டெக்ஸ் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

## படம் ஓடாமல் "கோடெக் வேண்டும்", "லைசென்ஸ் வேண்டும்" என்று கேட்கிறது

என் அனுபவத்தில் உண்மையான நாசம் அதிகம் நடப்பது இங்கேதான், ஓட்டையைப் பயன்படுத்தும் நுட்பமான கோப்புகளால் அல்ல. பிளேயரில் ஓட்டையே தேவைப்படுவதில்லை, மனிதரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

விஎல்சியில் பார்க்கிறீர்களா? விஎல்சி தனியாகக் கோடெக் எதையும் இறக்கச் சொல்லாது. தேவையானதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, ஓட்ட முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடும். ஆகவே திரையில் தெரிவது வீடியோவுக்குள்ளேயே பதித்த எழுத்தாக இருக்கும்: "இந்தப் படத்தைப் பார்க்க இந்தத் தளத்துக்குப் போய் இந்தப் பிளேயரை இறக்கவும்". போகாதீர்கள். கோப்பை அழியுங்கள். அந்த எழுத்தைப் படித்ததால் ஒன்றும் ஆகிவிடாது.

பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில், டபிள்யூஎம்வி அல்லது ஏஎஸ்எஃப் கோப்பைத் திறந்ததும் ஒரு பெட்டி வருகிறதா, அல்லது உலாவி தானாகத் திறக்கிறதா? அந்த ஃபார்மட்டில் இணைய முகவரியைத் திறக்கும் கட்டளையை உள்ளே வைக்க முடியும், லைசென்ஸ் வாங்கச் சொல்லி ஒரு பக்கத்துக்கு அனுப்பவும் முடியும். ஆப்ஷன்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், ஸ்கிரிப்ட் கட்டளைகளை ஓடவிடும் பெட்டியில் டிக் இல்லாமல் பாருங்கள், பிரைவசி பகுதியில் உரிமங்களைத் தானாக இறக்கும் வரியிலும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

சொன்னதைக் கேட்டு இறக்கி நிறுவிவிட்டீர்கள் என்றால், படம் ஓடியதா இல்லையா என்பதைப் பற்றி யோசிக்காமல் நேராகக் கீழே கணினி நடத்தை பற்றிய பகுதிக்கு.

## சப்டைட்டில் சேர்த்தால்தான் கோளாறு

படம் தனியாக நன்றாக ஓடுகிறது, சப்டைட்டிலைச் சேர்த்ததும் மூடிக்கொள்கிறது. உரைக் கோப்பு என்ன செய்துவிடும் என்று இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2017 மே மாதம் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் காட்டியது இதைத்தான்: விஎல்சி, கோடி, பாப்கார்ன் டைம், ஸ்ட்ரீமியோ ஆகிய நான்கு பிளேயர்களையும் சப்டைட்டில் கோப்பு ஒன்றால் கைப்பற்ற முடிந்தது. அதிலும் சில பிளேயர்கள் சப்டைட்டிலைத் தாமாகவே இணையத்தில் தேடி இறக்கிவிடுகின்றன, அப்போது பயனர் எதையும் தேர்ந்தெடுப்பதுகூட இல்லை.

எஸ்ஆர்டி வகை சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் தாராளமாகத் திறந்து பார்க்கலாம். ஒரு எண், நேரம், வசனம், வெற்று வரி என்று திரும்பத் திரும்ப இருக்கும். அப்படி இருந்து எழுத்துகள் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது என்கோடிங் பிரச்சினை, யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் தீர்ந்தது. நடுவில் பக்கம் பக்கமாகப் புரியாத குறியீடுகள், முடிவே இல்லாத ஒற்றை வரிகள், ஸ்கிரிப்ட் போன்ற துண்டுகள் இருந்தால் அழித்துவிடுங்கள். ஏஎஸ்எஸ் என்ற இன்னொரு சப்டைட்டில் வகையில் எழுத்துருவே உள்ளே பதிந்திருக்கலாம், அதனால் நீளமான குறியீடு அங்கே இருப்பது மட்டும் குற்றமில்லை. எனக்கு எஸ்ஆர்டி கிடைக்கும்போது வேறு வகையைத் தொடுவதே இல்லை.

சப்டைட்டில் ஜிப்பாக வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து எஸ்ஆர்டியை மட்டும் வெளியே எடுங்கள். கோடி பிளேயரில் அன்று இருந்த ஓட்டை, ஜிப்பை விரிக்கும்போது வேறு ஃபோல்டரில் போய் எழுத விட்டதுதான். தானாகத் தேடி இறக்கும் வசதியை நிறுத்திவிட்டு, பிளேயரை அப்டேட் செய்யுங்கள்.

## கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது, அதிலிருந்து கேலரி மூடிக்கொள்கிறது

எளிதானது முதலில்: சேமிப்பிடம் நிறைந்திருக்கிறதா? நிறைந்த கைப்பேசியில் கேலரி விழுவது சாதாரணம். அடுத்து, கேலரி செயலியின் கேஷை (அது சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளை) அழித்துப் பாருங்கள். வீடியோவைக் கேலரி வழியாகத் திறக்காமல், ஃபைல் மேனேஜரில் பட்டியல் பார்வையில் தேர்ந்தெடுத்து அழியுங்கள். வந்த உரையாடலிலும் அழியுங்கள், இல்லையென்றால் அது மறுபடி இறங்கிவிடும்.

அழித்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? அப்போது செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியானபோது ஆண்ட்ராய்டு 2.2-இலிருந்து பின்னால் வந்த கைப்பேசிகள் பாதிக்கப்படும் நிலையில் இருந்தன, எம்எம்எஸ் ஒன்று வந்து சேர்ந்தாலே போதும், திறக்கக்கூட வேண்டாம் என்ற நிலை. கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-இல், மீடியாவைப் படிக்கும் வேலையைப் பல துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் குறைந்த அனுமதி மட்டும் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்ட்ராய்டு ஓடும் கைப்பேசியில் தெரியாத எண்ணிலிருந்து வரும் வீடியோ எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். அதில் வங்கிச் செயலி இருக்கவே கூடாது.

வாட்ஸ்அப்பிலும் எம்பி4 கோப்பைப் படிக்கும் இடத்தில் ஒரு ஓட்டை இருந்து, அது 2019 நவம்பரில் வெளியே அறிவிக்கப்பட்டது. செயலியை அப்டேட் செய்து, ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் மீடியா தானாக இறங்குவதை வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் நிறுத்துங்கள். பெரிய குடும்பக் குழுக்களில் இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இது.

அழித்த பிறகும் கைப்பேசி சூடாவது, பேட்டரி இறங்குவது, நீங்கள் போடாத செயலி தெரிவது என்று தொடர்ந்தால் முக்கியமான படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட். அதன் பின்னும் மாறவில்லை என்றால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்தான்.

## "அந்தப் பிளேயரை உடனே நீக்குங்கள்" என்று செய்தி பரவுகிறது, கணினியில் ஒரு கோளாறும் இல்லை

நீக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. 2019 ஜூலையில் சிவிஇ-2019-13615 என்ற எண்ணோடு, விஎல்சியில் அடைக்கப்படாத பயங்கர ஓட்டை இருப்பதாக உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. ஓட்டை இருந்தது விஎல்சியில் இல்லை, அது பயன்படுத்தும் லிப்இபிஎம்எல் என்ற நூலகத்தின் பழைய வெர்ஷனில். வீடியோலேன் தரும் விஎல்சியில் 3.0.3-இலிருந்தே திருத்திய நூலகம்தான் இருந்தது. புகார் சொன்னவர் பழைய நூலகம் உள்ள உபுண்டுவில் சோதித்திருந்தார். செய்தியைப் பார்த்துப் பயந்து நல்ல பிளேயரை நீக்கிவிட்டு, தெரியாத தளத்திலிருந்து தெரியாத பிளேயரைப் போட்டவர்கள்தான் பாவம்.

செய்தியில் பார்க்க வேண்டியது மூன்று: எந்த வெர்ஷன் வரை பாதிப்பு, எந்த வெர்ஷனில் திருத்தம், அதைத் தயாரிப்பவர்களே தங்கள் பாதுகாப்பு அறிவிப்புப் பக்கத்தில் என்ன சொல்கிறார்கள். திருத்தம் வந்திருந்தால் போடுங்கள். உண்மையான ஓட்டைதான், திருத்தம் இன்னும் வரவில்லை என்றால் அதுவரை உங்கள் சொந்தக் கோப்புகளை மட்டும் அதில் பாருங்கள், இணையத்திலிருந்து வந்ததைத் தொடாதீர்கள்.

ஆன்டிவைரஸ் ஒரு வீடியோவைப் பிடித்துவைத்தது என்றால், அதை விடுவிக்கும் முன் கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற நீளமான குறியீடு) எடுத்து, பல ஆன்டிவைரஸ்களின் முடிவை ஒன்றாகக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடுங்கள். கோப்பையே ஏற்ற வேண்டும் என்றில்லை, பெரிய படங்களை அது ஏற்கவும் செய்யாது, 650 எம்பிதான் வரம்பு. வீட்டு விசேஷ வீடியோ போன்ற சொந்த விஷயங்களை அங்கே ஏற்றவே கூடாது, ஏற்றியதை மற்றவர்களும் எடுக்க வழி உண்டு. அங்கே எல்லாம் பச்சையாகக் காட்டினாலும், புதிதாகச் செய்த கோப்பு எதிலும் சிக்காமல் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

## படம் போட்ட பிறகு கணினியின் நடத்தையே மாறிவிட்டது

ஆன்டிவைரஸ் தானாக அணைந்திருக்கிறது, கருப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறைந்தது, ஈமெயில் கணக்கில் தெரியாத இடத்திலிருந்து லாகின், உலாவியில் நீங்கள் போடாத நீட்சி. இதில் ஒன்று இருந்தாலும் இப்போது சோதனை செய்யும் நேரம் இல்லை.

வைஃபையை அணையுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். அலுவலகக் கணினி என்றால் இதோடு நிறுத்தி ஐடி பிரிவைக் கூப்பிடுங்கள், எதையும் அழிக்காதீர்கள், அணைக்கவும் வேண்டாம். நீங்கள் சுத்தம் செய்தால் அவர்களுக்குத் தேவையான தடயமும் போய்விடும்.

சொந்தக் கணினி என்றால், வேறொரு நல்ல கருவியிலிருந்து முதலில் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அப்புறம் வங்கி, அப்புறம் மற்றவை. பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் போதாது. "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற வசதியையும் அழுத்துங்கள், ஏனென்றால் இந்த வகை நிரல்கள் உலாவியில் திறந்திருக்கும் லாகினையே திருடுகின்றன, பாஸ்வேர்டு அவர்களுக்குத் தேவைப்படுவதே இல்லை.

அதன் பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் விதிவிலக்குப் பட்டியலை (ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விட்டுவிடும் இடங்கள்) பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர், சில நேரம் முழு சி டிரைவே, அங்கே இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடுங்கள், கணினி மறுபடி தொடங்கி விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும். ஏதாவது பிடித்தாலும், பிடிக்காவிட்டாலும் அந்த விதிவிலக்கு உண்மையில் இருந்தது என்றால், என் முடிவு ஒன்றுதான்: ஆவணங்களை எடுத்துவைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. சுத்தம் செய்துவிட்டோம் என்று நம்பி அதே கணினியில் வங்கி வேலை பார்ப்பதைவிட அரை நாள் செலவழிப்பது மேல்.

ஆவணங்கள் திறக்க முடியாமல் பெயர் மாறிக் கிடந்தால், கணக்கில் பணம் போயிருந்தால், தொழில் சம்பந்தமான கணினி என்றால் நீங்களாக எதுவும் செய்யாமல் தெரிந்த நிபுணரிடம் போங்கள். பணம் போனது என்றால் அவருக்கும் முன்னால் வங்கியைக் கூப்பிடுங்கள்.

## கோப்பை யாரிடம் கொடுப்பது?

புது வெர்ஷனிலும் மூடிக்கொள்ளும் கோப்பு பிளேயரைச் செய்பவர்களுக்கு உபயோகமானது, அதனால் முடிந்தால் சொல்லுங்கள். பிளேயர் வெர்ஷன், இயங்குதளம், ஈவன்ட் வியூவரில் பார்த்த மாட்யூல் பெயரும் குறியீடும், கோப்பின் எஸ்எச்ஏ-256, எத்தனையாவது நிமிடத்தில் விழுகிறது, இவ்வளவு போதும். லினக்ஸில் கோர் டம்ப் (நிரல் விழுந்தபோது நினைவகத்தில் இருந்ததன் பதிவு) கிடைத்தால், எந்த வரிசையில் போய் விழுந்தது என்று அதில் காட்டும் பேக்ட்ரேஸையும் சேருங்கள். பொதுவான பிழைப் பட்டியலில் கோப்பை ஏற்றாதீர்கள், இணைப்பும் கொடுக்காதீர்கள், அது உண்மையான ஓட்டை என்றால் திருத்தம் வருவதற்கு முன்பே எல்லார் கைக்கும் போய்விடும். பாதுகாப்புப் புகாருக்கென்று அவர்கள் தனியாக ஒரு ஈமெயில் முகவரி வைத்திருப்பார்கள், அதற்கு எழுதி, அவர்கள் கேட்டால் மட்டும் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக அனுப்பிவிட்டு, உங்கள் கணினியில் இருப்பதை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.